கீறல் என்று சொன்னேன்

என் வீட்டுக்காரர் ரபீக்குக்கு வாய் ரொம்பச் சிக்கனம். ஐந்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு வார்த்தை பேசுவார். மீதி மூன்றை எதிரில் நிற்கிறவர் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். பதினேழு வருடமாக நான் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரே ஒரு முறை தப்பாகக் கண்டுபிடித்தேன். அந்த ஒரு முறையில் ஒரு உயிர் போய்விட்டது.

இதை இப்படி நேராகச் சொல்வதற்கே எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. இனிமேல் சுற்றி வளைக்கப் போவதில்லை.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், எடை மேடைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் ஷெட். காருக்கு டிங்கரிங், பெயிண்டிங். நான்கைந்து வருடமாக அலாய் வீல் வேலையும் வருகிறது. அலாய் வீலின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். கம்பெனிக்காரர்கள் அதைக் கிளியர் கோட் என்பார்கள். நாங்கள் லேக்கர் என்போம். கல் பட்டு எங்கேயாவது ஊசிமுனை அளவு வாய் திறந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். அப்புறம் வெயிலில் உரிகிற முதுகுத் தோல் மாதிரி அது பொருக்குப் பொருக்காகக் கிளம்பும். அடியில் அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப் போயிருக்கும். நம் ஊர் வெயிலுக்கு இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை.

அந்தப் பழைய லேக்கரை எடுக்கிறது அவர் வேலை. டயரைக் கழற்றிவிட்டு, கொழகொழவென்று இருக்கிற ஸ்ட்ரிப்பரைப் பிரஷ்ஷால் தடவி, மேலே பாலிதீன் கவரைப் போர்த்திவிடுவார். அரை மணி நேரத்தில் பூச்சு சுருங்கி எழும்பும். பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார். அந்த மருந்தின் நெடி கண்ணைக் கரிக்கும், தலையைச் சுற்றும். அதனால் என்னைப் பக்கத்தில் விடமாட்டார். கழுவிக் காய்ந்த பிறகுதான் வீல் என் கைக்கு வரும். உப்புத்தாள் போட்டு இழைப்பது, பள்ளத்துக்குப் பட்டி பார்ப்பது, பிரைமருக்குத் தயார் பண்ணுவது எல்லாம் நான். என் கைக்குப் பொறுமை உண்டு. வாய்க்குத்தான் கிடையாது என்று என் மாமியார் சொல்வார்.

மே மாதக் கடைசியில் வளவன் காரை எடுத்துக்கொண்டு வந்தான். அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முப்பத்திரண்டு வயசு இருக்கும். ஆறேழு வருடம் ஓடிய காரை வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இறங்கியதுமே ஒரு வீலைக் காலால் தட்டிக் காட்டினான்.

“பாய், இத பாத்தா எங்க தெரு நாய்க்குச் சொறி வந்த மாதிரியே இருக்குது. ஒரு வழி பண்ணுங்க.”

ரபீக் குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு பொருக்கு கையோடு வந்தது. “பண்ணிடலாம்” என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

மீதியை வளவன் என்னிடம் பேசினான். “ஜூன் பதினாறு என் தங்கச்சி வெண்மதிக்கு நிச்சயம்க்கா. மாப்ள வூடு திண்டிவனம். ஆளப் பாக்கறதுக்கு முன்னாடி அவங்க வண்டியத்தான் பாப்பாங்க. எங்க தெருவுக்கே மொத காரு இது. பழசுன்னா பழசு, பளபளன்னு இருக்கணும் இல்ல?”

“வீலப் பாத்தா பொண்ணக் கட்டப் போறாங்க?” என்றேன்.

“நீங்க வேற. எங்கள மாதிரி ஆளுங்க வூட்டுக்கு வந்தா எல்லாரும் எல்லாத்தையும் பாப்பாங்கக்கா” என்று சிரித்தான். சிரித்தாலும் அதில் ஒரு சூடு இருந்தது. நானும் அதைக் கேட்டுவிட்டு மேலே கிண்டல் பண்ணவில்லை. யார் யார் எங்கே போனால் எதை எதைப் பார்ப்பார்கள் என்று எங்களுக்கும் தெரியாதா என்ன?

பள்ளிக்கூடம் லீவு என்பதால் வண்டியை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனான். போகும்போது இன்னொன்றும் சொன்னான். “ஒரு டயர்ல மட்டும் வாரத்துக்கு ஒரு தரம் காத்து எறங்குது. பஞ்சர் கடையில பாத்துட்டாங்க, ஆணி கீணி ஒண்ணும் இல்லயாம்.” அதை நான் காதில் வாங்கினேன். மனசில் வாங்கவில்லை.

மறுநாள் ரபீக் நாலு வீலையும் ஒரே மூச்சில் உரித்தார். சாயங்காலம் வேலூரிலிருந்து போன் வந்தது. அவருடைய அக்கா வீட்டுக்காரர் தவறிவிட்டார். நாத்தனாருக்கு மூன்று பிள்ளைகள், மூத்ததே பத்தாவதுதான் படிக்கிறது. ரபீக் கையைக் கழுவினார், சட்டையை மாட்டினார், செருப்பைத் தேடினார். எல்லாம் செய்துகொண்டே என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

“சாக்பீஸ்ல வட்டம் போட்டிருக்கற வீல்ல கீறல் இருக்குது. வளவனுக்குப் போன் பண்ணி சொல்லிடு. இன்னா பண்றதுன்னு கேளு.”

நான் சரி என்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

காலையில் அந்த வீலைப் புரட்டிப் பார்த்தேன். உள்பக்கம், டயர் உட்காருகிற விளிம்பை ஒட்டி, சாக்பீஸ் வட்டத்துக்குள் ஒரு கோடு. என் சுண்டுவிரல் நீளம். தலைமுடி மாதிரி மெல்லிசு. இதைவிட மோசமான கோடுகளைத் தினமும் பார்க்கிறவள் நான். சாவியால் கிழித்தது, முள்வேலியில் உரசியது, பொறாமைக்காரன் ஆணியால் இழுத்தது. இதற்குப் போய் ஒரு வட்டமா, இதற்கு ஒரு போனா என்று நினைத்தேன். சாவு வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சொல்லியிருக்கிறார் என்று விட்டுவிட்டு, வளவனுக்குப் போன் போட்டேன்.

“தம்பி, ஒரு வீல்ல கீறல் இருக்குதாம். இன்னா பண்றதுன்னு உங்கள ஒரு வார்த்த கேக்கச் சொன்னாரு.”

அவன் கடகடவென்று சிரித்தான். “அக்கா, கீறலுக்கெல்லாமா போன் பண்ணுவீங்க? நம்ம ரோட்ல ஓடற வண்டியில கீறல் இல்லாம இன்னா இருக்கும்? பட்டி பாத்து அடிச்சுடுங்க. வெளிய தெரியாம இருந்தா போதும்.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அதான் நானும் நெனச்சேன். எங்க வூட்டுக்காரருக்கு எல்லாத்துக்கும் டென்ஷன்” என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டு வைத்தோம்.

உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்தேன். மேல் கீறல் என்றால் பத்துத் தேய்ப்பில் மறைந்துவிடும். இது மறையவில்லை. இன்னும் பத்து, இன்னும் இருபது. கோடு அப்படியே இருந்தது. கொஞ்சம் ஆழமாக வாங்கியிருக்கிறது போல என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைத்துக்கொண்டால் சீக்கிரம் முடியும், மத்தியானச் சோற்றுக்கு அரிசி களையலாம் என்பதால் நினைத்தேன். பட்டியைக் குழைத்துத் தகட்டால் அழுத்தி அழுத்தி உள்ளே ஏற்றினேன். காய்ந்ததும் இழைத்தேன். ஈரத்துணியால் துடைத்தபோது சாக்பீஸ் வட்டமும் போய்விட்டது. நாலு வீலுக்கும் பிரைமர் அடித்து வரிசையாகச் சாய்த்து வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் ரபீக் வந்தார். கண் சிவந்து, முகம் வீங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது. இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போனார். சாம்பல் நிறத்தில் நிற்கிற நாலு வீலையும் பார்த்தார்.

“அந்தக் கீறல் வீலு?”

“சொன்னேன். சரி பண்ணிடச் சொல்லிட்டாரு. பண்ணியாச்சு.”

“ம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அத பின்னாடி போட்டுக்கச் சொல்லு” என்றார்.

பின்னால் போட்டால் யார் கண்ணிலும் சட்டென்று படாது, அதற்காகத்தான் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதற்கும் தலையை ஆட்டினேன். நான் ‘சரி பண்ணியாச்சு’ என்றதற்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. எப்படிச் சரி பண்ணினாய் என்று அவரும் என்னைக் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் பேச்சு முடிந்துவிட்டது, வேலை ஓடுகிறது. எங்கள் குடும்பம் நடக்கிற லட்சணம் இதுதான்.

காய்ச்சலோடு காய்ச்சலாகச் சில்வரும் லேக்கரும் அடித்தார். ஜூன் ஐந்தாம் தேதி பக்கத்து டயர் கடையில் டயர் ஏற்றி, வண்டியில் மாட்டி, வளவனை வரச் சொன்னோம். அவன் வந்து நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வீலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து போனில் படம் எடுத்தான். நான் ஞாபகமாகச் சொன்னேன்.

“கீறல் இருந்த வீல பின்னாடி போட்டுக்கச் சொன்னாரு தம்பி.”

“எந்த வீலுங்கக்கா அது?”

நான் பார்த்தேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. எல்லாம் ஒரே பளபளப்பு. எது என்று எனக்கே தெரியவில்லை.

“செஞ்ச உங்களுக்கே தெரியலன்னா மாப்ள வூட்டுக்காரனுக்கா தெரியப் போவுது? வுடுங்கக்கா” என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

ஒரு வாரம் கழித்து அவனே போன் பண்ணினான். “அக்கா, உங்க கை ராசியான கை. இப்பல்லாம் காத்து எறங்கவே மாட்டேங்குது” என்றான். சந்தோஷமாக இருந்தது. என் பட்டிதான் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்? வாரம் ஒரு முறை காற்றை இறக்கி அந்த வீல் அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் வாயையும் நான் அடைத்துவிட்டேன்.

ஜூன் பதினாலாம் தேதி, நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால், வாழை இலைக்கும் காய்கறிக்கும் சொல்லிவிட்டு அவலூர்பேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். பகல் பதினொரு மணி. ரோட்டில் ஈ காக்கை இல்லை. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் பார்த்தபோது கார் வாய்க்காலில் தலைகீழாகக் கிடந்ததாம். ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் இருக்கவில்லை.

சாவுக்குப் போனோம். பெண்களுக்கு நடுவில் நானும் உட்கார்ந்தேன். நிச்சயத்துக்காகக் கொண்டுவந்து இறக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் சாவுக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அம்மா அமிர்தவல்லி அழவே இல்லை. வெண்மதிதான் விழுந்து விழுந்து அழுதாள். எல்லோரையும் போல நானும் அழுதேன். என்னமாய்ச் சிரித்துப் பேசுகிற பிள்ளை என்றுதான் அழுதேன். வேறு எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நாலு நாள் கழித்து, போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த அந்தக் காரை ரபீக் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஏன் போனார் என்று கேட்டால், மனசு கேட்கவில்லை என்றார். வந்தவர் குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் வீணாகப் போகிறது என்று நான்தான் போய் மூடினேன்.

“முன் வீலு ரெண்டா பொளந்திருக்குது” என்றார். “பொளந்த எடத்துல பட்டி இருக்குது.”

“ஆமா, நான்தான் பட்டி பாத்தேன்.”

“பட்டறைல குடுத்து வெல்டிங் வைக்கலியா?”

“கீறலுக்கு எதுக்கு வெல்டிங்?”

அவர் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“கீறல்னு சொன்னேனே, மெஹ்ரீன்.”

“கீறல்னுதான் நானும் சொன்னேன்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் சின்ன வயசில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்தவர். அங்கே கீறல் என்றால் இரும்பு விட்டுப்போன இடம். ஒரு பக்கம் தொடங்கி மறு பக்கம் வரை ஓடுகிற பிளவு. நான் பெயிண்ட் ஷெட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எனக்குக் கீறல் என்றால் மேலே விழுகிற கோடு. பிளவு விட்ட வீல் எங்களிடம் வந்ததே இரண்டு மூன்று தடவைதான். அப்போதெல்லாம் அவரே தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவார், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ‘சரி பண்ணியாச்சு’ என்று நான் சொன்னதும் வெல்டிங் வைத்தாயிற்று என்று நினைத்திருக்கிறார். வெல்டிங் வைத்த வீலை முன்னால் போடக்கூடாது, அதனால்தான் பின்னால் போடச் சொல்லியிருக்கிறார். பதினேழு வருடம் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். ஒரு வார்த்தைக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம் வைத்திருந்தது தெரியாமல்.

அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். இன்னும் ஒரே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் என்ன, உன் வாயில் இருந்து முத்தா உதிர்ந்திருக்கும் என்று கத்தினேன். நீ பட்டி ஏற்றும்போது உன் கைக்குத் தெரியவில்லையா என்று அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். என் கைக்குத் தெரிந்தது. நாற்பது தேய்ப்புக்கும் போகாத கோட்டைக் கை சொல்லத்தான் செய்தது.

“வளவன் அம்மாகிட்ட போய் சொல்லிடலாம்” என்றேன்.

“சொன்னா முழுசா சொல்லணும்” என்றார். “பட்டி பாத்து அடிச்சுடுங்கன்னு அவந்தான் சொன்னான்னும் சொல்லணும். செத்துப் போன புள்ள மேல பழிய போடறதா?”

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நியாயத்தில் பேசுகிறாரா, பயத்தில் பேசுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். எனக்கும் பயம்தான். வெளியே தெரிந்தால் ஒரு வண்டியும் ஷெட்டுக்கு வராது. அந்தத் தெரு ஆட்கள் வந்து நின்றால் நாங்கள் என்ன பதில் சொல்வோம்? அதனால் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியதைப் பார்த்து என் மாமியாருக்கே ஆச்சரியம்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. தொழுகைக்கு நின்றால் ஓதுவது பாதியில் மறந்துவிடும். உப்புத்தாளைத் தொட்டாலே விரல் நுனி கூசும். வீல் வேலை வந்தால் ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினோம். சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. அதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

வளவன் தெருவில் இருந்து சின்னப்பொண்ணு என்று ஒரு அம்மா எங்கள் பக்கம் கீரை விற்க வருவார். ஜூலை மாதக் கடைசியில் ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

“அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னு போச்சு பாயம்மா. அண்ணங்காரன் பட்டப்பகல்ல குடிச்சிட்டு வண்டி ஓட்டி செத்தான், அந்த வூட்ல எப்பிடிப் பொண்ணு எடுக்கறதுன்னு சொல்லிட்டாங்களாம்.”

“அவரு குடிக்கவே மாட்டாரே?”

“எங்களுக்குத் தெரியாதா? டாக்டர் பேப்பர்லகூட இல்லன்னுதான் போட்டிருக்குதாம். பேப்பர யாரு படிக்கறா? நேரான ரோடு, எதுக்க வண்டி இல்ல. குடிக்காம எப்பிடி கவுறும்னு கேக்கறாங்க. காரு வாங்குன திமிருன்னு எங்க ஆளுங்களே சொல்றாங்க. அமிர்தவல்லி வெளியவே வர்றதில்ல.”

சின்னப்பொண்ணு போன பிறகு முகத்தைக் கழுவினேன். வேறு சேலை உடுத்தி முக்காடு போட்டேன். ரபீக்கிடம் போய், “நான் போறேன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி” என்றேன். அவர் பைக் சாவியை எடுத்தார்.

தெரு முனை வரைக்கும் வந்தார். அங்கே வண்டியை நிறுத்தினார். நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டு இருந்தார். முகத்தில் வியர்வை வழிந்தது. திட்ட வேண்டும் என்று நினைத்தேன், மனசு வரவில்லை. “இங்கயே இரு” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மத்தியான வெயில். தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வளவனின் வீடு கான்கிரீட் வீடு. நிச்சயத்துக்காக வாசலில் புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். உள்ளே அவன் போட்டோவுக்கு முன்னால் விளக்கு எரிந்தது. வெண்மதி வேலைக்குப் போயிருந்தாள். அமிர்தவல்லி மட்டும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்பத்தைந்து வயசுதான் இருக்கும், பார்த்தால் எழுபது சொல்லலாம். மடியில் கிடந்த கைகள் ஆண்பிள்ளைக் கைகள் மாதிரி முட்டி முட்டியாக, நகமெல்லாம் சிதைந்து இருந்தன.

“வா பாயம்மா. உக்காரு. தண்ணி குடிக்கிறியா?” என்றார்.

தண்ணீர் கேட்டால் குடித்துவிட்டு அப்படியே எழுந்து வந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த உடனே ஆரம்பித்தேன்.

“அம்மா, உங்க புள்ள குடிக்கல. வேகமாவும் போவல. வீலு உடஞ்சிதான் வண்டி கவுந்துச்சு. அந்த வீல்ல கீறல் இருந்துச்சு. எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு என்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. எனக்கு வெளங்கல. மேல இருக்கற கீறல்னு நெனச்சு, இந்தக் கையாலதான் பட்டி வச்சு மூடினேன். மூடினதால யாருக்கும் தெரியாமப் போச்சு. நீங்க என்னை இன்னா பண்ணாலும் சரி. போலீஸ்ல வந்து சொல்றேன். அந்தத் திண்டிவனத்துக்காரங்க வூட்டுக்கும் வந்து சொல்றேன். தப்பு என்னோடது.”

வளவன் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதை என்னோடு புதைத்துவிடுவது என்று பைக்கில் வரும்போதே முடிவு பண்ணியிருந்தேன்.

அமிர்தவல்லி அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார், ஊரைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதில் ஏதாவது ஒன்று நடந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“போலீஸ்ல சொல்லு” என்றார். “எம் புள்ள குடிகாரன் இல்லன்னு நாலு பேர் காதுல வுழறாப்பல சொல்லு. வெண்மதி இருக்கும்போது சொல்லு.”

“சொல்றேம்மா.”

“ஆனா அவன் சொன்னத ஏன் வுட்டுட்ட?”

குனிந்திருந்த தலையை நிமிர்த்தினேன்.

“பட்டி பாத்து அடிச்சுடுங்கன்னு சொன்னானே, அத ஏன் சொல்லல? ஸ்பீக்கர்ல போட்டுக்கினுதான் பேசினான். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கினு இருந்தான். நான் இதே எடத்துல உக்காந்து மொச்சக்கொட்ட உரிச்சிக்கினு இருந்தேன். நீ சொன்னது எல்லாம் எனக்கும் கேட்டுச்சு.”

நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன்.

“இவங்கப்பன் போன பின்னாடி இருவது வருசம் கல்குவாரில கல்லு ஒடச்சு இதுங்க ரெண்டயும் படிக்க வச்சேன்” என்றார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “கல்லுல கீறல்னா இன்னான்னு எனக்குத் தெரியும் பாயம்மா. கீறல் இருக்கற பாறைக்கு அடியில நாங்க கஞ்சிகூட குடிக்க மாட்டோம். கீறல்னு மேஸ்திரி ஒரு சத்தம் குடுத்தா, கையில இருக்கறத போட்டுட்டு ஓடுவோம். கைப்புள்ளக்காரி புள்ளய தூக்கிக்கினு ஓடுவா. நீ போன்ல கீறல்னு சொன்ன ஒடனே எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. கையில இருந்த கொட்ட கீழ கொட்டிடுச்சு.”

“அப்ப ஏம்மா…” என்று என் பாழாய்ப்போன வாய் கேட்டுவிட்டது. கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அமிர்தவல்லி என் முகத்தை நேராகப் பார்த்தார். வளவன் செத்த நாளிலிருந்து வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

“அவன் சிரிச்சான். நீயும் சிரிச்ச. படிச்சவங்க ரெண்டு பேர் சிரிக்கறாங்களே, அப்ப இது வேற கீறல் போலன்னு நெனச்சிக்கினேன். இன்னா கீறல்டான்னு கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு.”